எடைக்குப் போட்ட சாரி கார்டு

பாறை ஏறுற டிரயல்ஸ் பைக், உதாரணமா மாண்டெஸா கோட்டா, 70 கிலோ சொச்சம்தான், சீட்டே கிடையாது. நம்ம ஆர்எக்ஸ் 100 நூறு கிலோவுக்கு மேல. பையன் ஸ்பேனரை எடுத்துட்டான். கேரியர், கிராஷ் கார்டு, சென்டர் ஸ்டாண்டு, சாரி கார்டு எல்லாம் கழட்டி, தாராவி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம்: 9 கிலோ! செம்பூர்ல வண்டி பறந்துச்சு.

ஞாயித்துக்கிழமை தங்கமணியோட மாட்டுங்கா மார்க்கெட். கிங்ஸ் சர்க்கிள் தாண்டினதும் முந்தானை பின்சக்கரத்தில்! நல்லவேளை, வேகம் இல்லை, புடவையோட போச்சு. வீடு வர்ற வரைக்கும் அவங்க ஒரு வார்த்தை பேசலை. பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்கணும்னு 1989 மோட்டார் வாகன விதியே சொல்லுது.

மறுநாளே ஓடிப்போய் அதே சாரி கார்டை இரட்டை விலைக்குத் திரும்ப வாங்கினேன். எல்லா பாரமும் நஷ்டக் கணக்கு இல்லை மக்களே. குறைக்க வேண்டிய பாக்கி என் தொப்பையில் இருக்கு :-)