எழுத்தாயிருந்த ஈயம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது அந்தச் சிறு நகரம். சனிக்கிழமை காலைகளில் அங்கே ஒரு வீட்டின் பின்புறம் உள்ள கார் ஷெட்டின் கதவு அகலத் திறந்து கிடக்கும். உள்ளே எழுபதை நெருங்கும் ஒரு மனிதர், கனத்த தோல் கையுறையுடன், மின்சார உருக்குச் சட்டியின் முன் நிற்பார். பக்கத்து வாளியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஈயப் பட்டையை எடுத்து, அதை வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணைச் சுருக்கி ஏதோ படிப்பார். பிறகு சட்டியில் போடுவார். பட்டை ஓரங்களில் தளர்ந்து, சாய்ந்து, மறைந்து போகும்.

அவர் படிப்பது பழைய செய்தித்தாளின் ஒரு வரி. கண்ணாடியில் பார்ப்பது போல எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். அதைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அவர் லைனோடைப் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஓட்மார் மெர்கன்தாலர் உருவாக்கிய அந்த இயந்திரம் 1886-ல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் முதன்முதலாக ஓடியது. விசைப்பலகையில் தட்டத் தட்ட எழுத்து அச்சுகள் வரிசையாக வந்து நிற்கும். உருகிய உலோகம் பாயும். ஒரு முழு வரி, ஒரே வார்ப்பாக, சூடாக வந்து விழும். ஏறக்குறைய தொண்ணூறு வருடங்கள் உலகத்தின் செய்தியெல்லாம் அப்படித்தான் வார்க்கப்பட்டது. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் அதைக் கைவிட்டது. அதே காலத்தில் இவருடைய உள்ளூர்ப் பத்திரிகையும் கணினிக்கு மாறியது. இயந்திரங்களை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். உலோகத்தை வேலையாட்களில் கேட்டவர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். இவர் வாளி வாளியாக வாங்கி வந்தார். பெட்டிகட்டிய இரங்கல் அறிவிப்புகள், பேஸ்பால் ஸ்கோர்கள், கோதுமை விலை எல்லாம் அதில் இருந்தன.

நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். இதுதான் லைனோடைப் கலவை. (நம் வீட்டு ரசத்துக்கான ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு, இது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர் வைத்தது ஒரு வகையில் ஆபத்தான சிக்கனம்.) ஆன்டிமனி சேர்ந்தால் ஈயம் கடினமாகும். ஆறும்போது அதிகம் சுருங்காமல், அச்சின் ஒவ்வொரு மூலையையும் நிரப்பி நிற்கும். 'எ' என்பதன் சுழி சிதையாமல் விழுவதற்குத் தேவையான அதே குணம்தான் ஒரு துப்பாக்கிக் குண்டின் அடிப்பாகம் கூர்மையான விளிம்போடு விழவும் தேவை. அமெரிக்காவின் ஈயக்குண்டு வார்ப்பவர்கள் இதை வெகு காலமாக அறிவார்கள். அச்சகங்கள் மூடியபோது அவர்களுக்கு அது அறுவடைக் காலம்.

அவர் வேட்டைக்காரர் அல்ல. மனிதனை நோக்கித் துப்பாக்கி நீட்ட வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை. காகிதத்தைச் சுடுவார், அவ்வளவுதான். 'புல்ஸ்ஐ' என்று அழைக்கப்படும் அந்தப் போட்டி, மரபுப்படி ஒற்றைக் கையால் பிஸ்டலை நீட்டிச் சுடுவது. மூன்று வகைத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் 90 தோட்டாக்கள், மொத்தம் 2,700 புள்ளிகள். 50 கஜ தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு எட்டரை சென்டிமீட்டர்தான். ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரி என்ற ராணுவ மைதானத்துக்கு 1907-ல் தேசியப் போட்டிகள் வந்தன. இவருக்குக் கோடை என்றால் அந்த ஏரிக்காற்றுதான். துப்பாக்கி வன்முறை பற்றி அமெரிக்காவிலிருந்து வரும் செய்திகளையே படித்துப் பழகிய நமக்கு இப்படியும் ஒரு கூட்டம் அங்கே இருப்பது எளிதில் மனதில் தைப்பதில்லை. சூலூர்ப் பக்கத்துக் கைத்தறிக்காரர் தறியைப் பற்றிப் பேசுவது போல அவர்கள் ஆயிரத்தில் ஒரு அங்குலம் பற்றிப் பேசுவார்கள்.

அவருடைய பிஸ்டல், ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 ரகம். இதற்கு வீட்டில் தோட்டா தயாரிப்பதில் ரிவால்வரில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. ரிவால்வரில் மருந்தின் வேலை குண்டைத் தள்ளுவது மட்டும். அடுத்த தோட்டாவைக் கொண்டுவருவது விரலின் வேலை. தானியங்கி பிஸ்டலிலோ, வெடித்த அதே தோட்டாதான் மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் தள்ளி, காலி ஓட்டை வெளியே எறிந்து, சுத்தியலை ஏற்றி, ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். பிறகு ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேகஸினிலிருந்து எடுத்துக் குழலுக்குள் செருகும். மருந்து பலவீனமானால் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும். மிஞ்சினால் துப்பாக்கி அடிபடும். குண்டு சற்று வெளியே துருத்தினால் வாய் மூடாது. பிடிப்புத் தளர்ந்திருந்தால், ஏறும் வழியில் மோதிக் குண்டு உள்ளே அமுங்கும், உள்ளழுத்தம் ஏறிவிடும்.

ராணுவம் கொடுத்தது செம்பு உறை போட்ட, உருண்டை மூக்குள்ள 230 கிரெயின் குண்டு. இலக்குச் சுடுபவர்கள் விரும்புவது முன்பக்கம் தட்டையாக வெட்டிய 200 கிரெயின் ஈயக்குண்டு. சுமார் 13 கிராம். அலுவலகத்தில் காகிதத்துக்குத் துளை போடும் கருவி போட்டது போல வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ணுவதில் தகராறு இராது. வெறும் ஈயம் என்பதால் குழலின் குறுக்களவைவிட இம்மியளவு பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயு ஓரமாகப் புகுந்து ஈயத்தை அரித்துக் குழல் முழுவதும் பூசிவிடும். கடினமான குண்டே நல்ல குண்டு என்று ஆரம்பக்காரர்கள் நினைப்பார்கள். அவரும் நினைத்தார். தனி லைனோடைப்பில் வார்த்த முதல் ஆயிரம் குண்டுகளும் குழலை ஈயத்தால் மெழுகின. இந்தத் துப்பாக்கியின் மிதமான அழுத்தத்துக்கு அவ்வளவு கடினம் ஆகாது. குண்டு கொஞ்சம் இளகிக் குழலோடு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் மென்மையான ஈயத்தோடு கலக்கக் கற்றார்.

அந்த ஈயம் டயர் கடைகளிலிருந்து வந்தது. சக்கரம் ஆடாமல் இருக்க ரிம்மில் மாட்டும் சிறு எடைகள். கேட்டால் ஒரு வாளி சும்மாவே கொடுப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் ஈய எடைகளைத் தடுத்தது, கலிஃபோர்னியா 2010-ல். இப்போது வாளியில் பாதி இரும்பு, துத்தநாகம். துத்தநாகம் ஒரு கைப்பிடி உருகிக் கலந்துவிட்டால் சட்டி முழுவதும் பாழ்; அச்சு நிரம்பாது, குண்டு சுருங்கி விழும். அவர் இரவில் டி.வி. முன் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல, எடைகளை ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிப் பார்ப்பார். ஈயம் மந்தமாக விழும். மற்றவை கணீரென்னும்.

இத்தனை பாடும் பணம் மிச்சம் பிடிக்கத்தான் என்பார்கள். மிச்சம் பிடித்தவரை யாரும் கண்டதில்லை. மலிவாகக் கிடைப்பதால் இரண்டு மடங்கு சுடுவார்கள். ஆனால் 2013-லும் 2020, 2021-லும் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியானபோது இவர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டது உண்மை. அப்போதும் பிரைமர் கிடைக்கவில்லை. தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் அந்தச் சிறு கிண்ணத்தைக் கடையில்தான் வாங்க வேண்டும். (நம் நாட்டில் இதற்கெல்லாம் வழியில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது சிறைக்குப் போகும் குற்றம்.)

அவருக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, தண்ணீர். ஈயம் 327 டிகிரியில் உருகுகிறது. அந்தக் குளத்துக்குள் ஈரமான ஒரு துண்டு விழுந்து மூழ்கினால் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, சட்டி மொத்தத்தையும் கூரைக்கு எறியும். மழைக்காலத்தில் வாளிகளை முந்தின நாளே காய வைப்பார். இன்னொன்று, மருந்தின் அளவு. .45-ன் ஓடு பெரியது, போடும் மருந்து கொஞ்சம். ஒரே ஓட்டில் தவறி இரண்டு முறை போட்டாலும் வழியாது. ஐம்பது ஓடுகளையும் பலகையில் நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்காமல் ஒரு குண்டையும் அவர் செருகியதில்லை. வேகச் சுற்று ஒன்றில் அவருக்குப் பக்கத்தில் நின்றவரின் பிஸ்டல் 'ப்ஸ்' என்று மட்டும் சத்தமிட்டது. அந்த மனிதர் பழக்கதோஷத்தில் ஸ்லைடை இழுத்து மறுபடி விரலை அழுத்தப் போனார். இவர் கத்தி நிறுத்தினார். மருந்தில்லாத தோட்டாவின் குண்டு குழலின் நடுவில் சிக்கியிருந்தது. பத்து நொடியில் ஐந்து தோட்டா சுட வேண்டிய சுற்றில் அந்த 'ப்ஸ்' காதில் விழுந்ததே பெரிது.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது அவர் பயப்படாதது.

2022-ல் அவருடைய மகள் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையோடு சில மாதங்கள் பெற்றோர் வீட்டில் தங்கினாள். குழந்தைக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஈயம், டெசிலிட்டருக்கு 4.6 மைக்ரோகிராம். முப்பது வருடத்துக்கு முன் என்றால் டாக்டர் புன்னகையோடு அனுப்பியிருப்பார். 1991-ல் எச்சரிக்கை அளவு 10. 2012-ல் அது 5 ஆனது, 2021-ல் 3.5. குழந்தையின் மூளைக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுதான் அந்த எண் இறங்கிக்கொண்டே வரக் காரணம். டாக்டர் முதலில் கேட்டது வீட்டுப் பெயின்ட் பற்றி. அமெரிக்காவில் ஈய பெயின்டை வீடுகளுக்குத் தடை செய்தது 1978-ல். அதற்கு முந்தைய வீடுகளில்தான் வழக்கமாகக் கோளாறு. இந்த வீடு அதற்குப் பிறகு கட்டியது. அடுத்த கேள்வி: "வீட்டில் யாராவது ஈயத்தோடு வேலை செய்கிறார்களா?"

அன்று மாலையே அவரும் ரத்தம் கொடுத்தார். 27.

"ஆவியைச் சுவாசித்திருப்பார்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்து, நாற்பது வருடமாகக் கதவைத் திறந்துவைத்து வார்த்துவந்தார். ஆனால் குண்டு வார்க்கும் வெப்பத்தில் ஈயம் மிகக் குறைவாகவே ஆவியாகிறது. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே, தரைத்தளத்துக்குக் கீழே, துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றது. சுட்ட பித்தளை ஓடுகளை அரைத்த வால்நட் ஓட்டுத் தூளோடு போட்டு மெருகேற்றும் அதிர்வுத் தொட்டி. பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. வெடித்ததும் அது ஓட்டுக்குள் கரியாகப் படிகிறது. தொட்டி அதையெல்லாம் உதிர்த்து மாவாக்குகிறது. அந்தத் தூளை அவர் சல்லடையில் சலிப்பார், சுவரோரம், துவைத்து மடித்த துணிக்கு நான்கடி தள்ளி. குழந்தை அந்த அறையில்தான் தவழ்ந்தாள். பாட்டி துணி மடிக்கும்போது.

உருகிய ஈயத்துக்கு அஞ்சியவர், வெடிமருந்துக்கு அஞ்சியவர், தூசிக்கு அஞ்சவில்லை. சிவந்து கொதிக்காத, சத்தம் போடாத எதற்கும் மனிதன் அஞ்சுவதில்லை போலும். அச்சகத்திலும் அப்படித்தான். கறுத்த விரலோடு சாண்ட்விச் சாப்பிட்ட தலைமுறை அது. நம் ஊர் அச்சகங்களில் எழுத்துக் கோத்தவர்களும் அதே விரலால்தான் வெற்றிலை மடித்தார்கள்.

மகள் சண்டை போடவில்லை. "அப்பா, இவளை எடுத்துக்கொண்டு நான் கிளம்புகிறேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கிளம்பினாள். அவர் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அதுதான் கடினமாக இருந்தது என்பார்.

விட்டுவிடுவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவர் விடவில்லை, அதைப் பிடிவாதம் என்று சொல்லவும் இடமுண்டு. அதிர்வுத் தொட்டியைத் தூளோடு சேர்த்துக் கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தார். கீழ்த்தளத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் நான்கு முறை துடைத்தார். எல்லாம் ஷெட்டுக்குப் போயிற்று. பித்தளை ஓடுகளை இப்போது தண்ணீரில், சோப்பும் மெல்லிய எஃகு ஊசிகளும் போட்டு உருட்டிக் கழுவுகிறார், தூசி பறக்காது. அந்தக் கறுப்புத் தண்ணீரையும் புல்வெளியில் கொட்டுவதில்லை. ஷெட்டில் ஒரு தனிச் சட்டை, தனி பூட்ஸ். இரண்டும் வாசலைத் தாண்டுவதில்லை.

ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. எலும்பில் புகுந்தது பத்திருபது வருடங்கள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அவருடைய எண் ஆறு மாதத்தில் 15-க்கு இறங்கி, பிறகு தயங்கி நின்றது. குழந்தையுடையது 2-க்கும் கீழே போனது. அந்தக் காகிதத்தை மகள் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். நன்றி தெரிவிக்கும் நவம்பர் விடுமுறைக்கு வருவதாகவும் சொன்னாள்.

வாளியில் இன்னும் கொஞ்சம் வரிகள் மிச்சமிருக்கின்றன. நவம்பரில் பனி விழுந்திருந்தது. அவர் ஷெட்டைப் பூட்டி, பூட்ஸை அங்கேயே கழற்றிவிட்டு, காலுறையோடு வீட்டுப் படி வரை நடந்து வந்தார். பேத்தி ஜன்னலிலிருந்து தாத்தாவின் ஈரக் காலைச் சுட்டிக் காட்டிச் சிரித்தாள். அவர் கை கழுவப் போனார்.