ரோமாபுரிக்குப் படியளந்த பட்டினம்

ரோமாபுரிக்கு யாத்திரை செல்பவர்கள் சக்கரவர்த்திகளின் வெற்றி வளைவுகளையும் ஆலயங்களையும் கண்டு பிரமித்துத் திரும்புவது வழக்கமேயாயினும், அந்த மகாநகரத்துக்கு அன்றாடம் அன்னம் கொண்டுவந்து சேர்த்த ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புகிறவர், திபேர் நதியின் பழைய முகத்துவாரத்திலிருக்கும் ஒஸ்தியாவுக்குத்தான் போகவேண்டும். கரிய எரிமலைக் கல் பாவிய அதன் நெடுஞ்சாலையில், பைன் மரங்களின் நிழலினூடே நடந்தபோது, அரசர்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் பின்தங்கிப்போய், மூட்டை சுமந்தவர்களின் சரித்திரமே என் கண்முன் விரிந்தது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு கோட்டையாக அமைந்த இவ்வூர், எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த கோதுமையால் வளர்ந்தது. ஆற்றுவாயில் மணல் மேடிட்டுப் பெரிய கப்பல்கள் நுழைய இயலாமற்போனதால், கிளாடியஸ் சக்கரவர்த்தி கி.பி. 42-இல் வடக்கே ஒரு செயற்கைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்; 62-இல் வீசிய புயலில் அத்துறைமுகத்துக்குள்ளேயே ஏறத்தாழ இருநூறு கப்பல்கள் நாசமாயின என்று ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதஸ் எழுதியிருக்கிறார். பின்னர் டிராஜன் சக்கரவர்த்தி அறுகோண வடிவில் வெட்டிய உட்துறையே நிலைத்தது.

நாடக அரங்கத்தின் பின்புறம், நாற்சதுரமான ஒரு வெளியைச் சுற்றி, வர்த்தகர்களும் கப்பல்காரர்களும் வைத்திருந்த அறுபதுக்கு மேற்பட்ட அறைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் வாசலில் கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களைப் பதித்துக் கப்பலும் கலங்கரை விளக்கமும் டால்பினும் வரைந்திருக்கிறார்கள். லிபியாவின் சப்ராதா நகரத்தார் தங்கள் அறைக்கு முன் யானை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். எனினும் என்னை நெடுநேரம் நிற்கவைத்தது தானியம் அளப்போரின் மண்டபம். தோளில் மூட்டையோடு வரும் கூலியாள், நடுவே மரக்கால், தலைதட்டும் கோலைப் பிடித்த அளவுகாரர், கணக்குக்கு நிற்கும் சிறுவன் என்று, எந்தத் தேவனுக்கும் குறையாத கௌரவத்தோடு இவர்களைத் தரையில் சித்திரித்த கலைஞனுடைய உள்ளம் எத்துணை விசாலமானது! ரோமாபுரி நகர் முழுவதிலும் இதற்கு நிகரான சித்திரம் ஒன்றை நான் காணவில்லை.

வீதிகளில் செங்கல்லாலான அடுக்குமாடி வீடுகள். கீழே கடைகள், மேலே குடித்தனங்கள். எரிமலைக் கல்லில் செய்த திரிகைகள் நிற்கும் ரொட்டிச்சாலையும், பளிங்கு மேடையும் சுவரில் தின்பண்டங்களின் ஓவியமும் உள்ள உணவுக்கடையும், எண்ணெயும் மதுவும் நிரப்பிவைக்க மண்ணில் புதைத்த பெருந்தாழிகளும் அப்படியே இருக்கின்றன. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் என்று கருதப்படும் எபகாதஸ், எபஃப்ரோதிதஸ் என்னும் இருவர், தாங்கள் கட்டிய பண்டகசாலையின் வாசலில் தங்கள் பெயரைப் பளிங்கில் பொறித்துவைத்திருக்கிறார்கள். அருகிலுள்ள மயானத்திலோ, ஸ்கிரிபோனியா அத்திகே என்ற மருத்துவச்சி பிரசவம் பார்க்கும் காட்சியை ஒரு சுடுமண் பலகை காட்டுகிறது. தம் தொழிலையே தம் புகழாகக் கருதிய மக்கள் இவர்கள்!

மற்றொரு ரோமானியப் பட்டினமான பம்பேயி எரிமலை வெடித்து ஒரே நாளில் சாம்பலுக்குள் மறைந்தது; ஒஸ்தியாவோ வர்த்தகம் குன்றி, வண்டல் மூடி, நூற்றாண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. 1557-இல் வந்த பெருவெள்ளத்தில் நதியே வேறு வழி திரும்பியது. கடல் இன்று சில கிலோமீட்டருக்கு அப்பால் ஒதுங்கிவிட்டது. 1942-இல் ரோமாபுரியில் நடத்தவிருந்த உலகக் கண்காட்சிக்காக 1938 முதல் அவசரம் அவசரமாக மண்ணை அகற்றியதில், நுட்பமான தடயங்கள் பல பதிவு பெறாமலே அழிந்தன என்பது மிகுந்த வருத்தத்துக்குரியது.

ரோமாபுரிக்குச் செல்லும் அன்பர்கள் தங்கள் பிரயாணத்தில் ஒரு முழு நாளை இவ்வூருக்கென்று ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போர்த்தா சான் பவோலோ நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பயணந்தான். திங்கட்கிழமையை மட்டும் தவிர்க்கவும், அன்று விடுமுறை.