கிறீச் என்றொரு சத்தம்

ஓய்வு பெற்றபின் மூட்டுக்கு நல்லது என்று ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். இரும்பு ஃபிரேம், முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர், எடை சுமார் 18 கிலோ. அலுமினியத்தில் வாங்கித் தருகிறேன் என்றான் மகன். என் பென்ஷனுக்கு இது போதும் என்றுவிட்டேன்.

தினமும் காலையில் பேரூர் பெரியகுளத்துக் கரை. மண் பாதை. முன்சக்கரத்து அதிர்ச்சியை ஷாக் வாங்கிக்கொள்ளும். பின்சக்கரத்து அதிர்ச்சி நேரே இடுப்புக்கு வரும். கல்லைக் கண்டால் பெடலில் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டேன்.

சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும். ஆகவே உயர்த்தி உயர்த்தி, சீட் கம்பியில் எல்லைக்கோடு போட்டிருப்பதையும் தாண்டிவிட்டேன். ஒரு வாரமாகக் கிறீச் கிறீச் என்று சத்தம். எண்ணெய் விட்டும் போகவில்லை. "ஏனுங்க, அடுப்படி வரைக்கும் கேக்குதுங்க" என்றாள் மனைவி. துடைத்துப் பார்த்தால், சீட் குழாயில் மயிரிழை விரிசல்!

"இரும்புங்கிறதால பத்த வெச்சறலாங்க ஐயா. அலுமினியம்னா நான் தொடமாட்டேன்" என்றார் வெல்டிங் பட்டறைக்காரர். உண்மைதான். சைக்கிளுக்குப் போடும் அலுமினியத்தைப் பற்றவைத்தால், மறுபடி சூட்டுப் பதம் கொடுத்தால்தான் பழைய வலு வரும். ஃபிரேமைப் பற்றவைத்து, நீளமான சீட் கம்பியும் மாட்டிக்கொண்டேன்.

அந்த இரும்பு ஒரு வாரம் சொல்லிப் பார்த்திருக்கிறது. கேட்காமல் குளத்துமேட்டில் ஓட்டியவன் நான். நண்பர்களே, உங்கள் சைக்கிளில் அந்தக் கோடு குழாய்க்குள் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.