மத்தூர்: துங்கைக் கரையில் ஒரு சிற்றூர்

மத்தூர் என்றதும் வாசகர்களில் பலருக்கு வடைதான் நினைவுக்கு வரும். மைசூர் வண்டியில் கூடையுடன் ஏறி விற்பார்களே, அந்த வடைக்குப் பெயர்பெற்ற மத்தூர் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. நான் இங்கே எழுதப் புகுந்தது வேறொரு மத்தூரைப் பற்றி. கர்நாடகத்தின் மலைநாட்டில், சிவமொக்கா நகருக்குச் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், துங்கை நதியின் கரையில் அமைந்த சிற்றூர் அது. எதிர்க்கரையில் ஹொசஹள்ளி என்னும் ஊர் இருக்கிறது. இவ்விரண்டையும் இரட்டை ஊர்கள் என்றே அப்பக்கத்தார் குறிப்பிடுகின்றனர்.

துங்கை நதி மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றிச் சிருங்கேரியைத் தழுவிக்கொண்டு இவ்வழியே வருகிறது. சிவமொக்காவைக் கடந்ததும், கூடலி என்னுமிடத்தில் பத்திரையுடன் கலந்து துங்கபத்திரையாகிறது. 'நீராடுவதற்குக் கங்கை, பருகுவதற்குத் துங்கை' என்பது கன்னட நாட்டு வழக்கு. அந்நீரின் தெளிவைக் கண்டவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

நீர்வளமுள்ள மலைநாட்டுக்கு இயல்பான பயிர் பாக்கு. ஊரை நெருங்கும்போதே கமுகந் தோட்டங்கள் நெடிதுயர்ந்து இருபுறமும் நிழல் செய்கின்றன. அறுவடைக் காலத்தில் வீட்டு முற்றங்களில் காயை உரிப்பதும், பெரிய கொப்பரைகளில் வேகவைப்பதும், வெயிலில் உலர்த்துவதுமாக ஊர் முழுவதும் ஒரே பரபரப்பாக இருக்கும். வெந்து காய்ந்த சிவப்புப் பாக்கு சிவமொக்காச் சந்தைக்குச் செல்கிறது. கன்னடத்தில் பாக்குக்கு 'அடிகெ' என்று பெயர். நம் பழந்தமிழில் 'அடைக்காய்' என்றார்கள். நாம் பெரும்பாலும் மறந்துவிட்ட சொல்லை அண்டை வீட்டார் நாள்தோறும் வழங்கி வருகின்றனர்.

ஊரின் அமைப்பு பழைய அக்கிரகார முறையைச் சார்ந்தது. கோயிலும் பாடசாலையும் நடுவில் இருக்க, அவற்றைச் சூழ்ந்து வீடுகள் சதுரமாக நிற்கின்றன. விஜயநகர மன்னர் காலத்தில் கொடையாகக் கிடைத்த ஊர் என்று பெரியோர் கூறுகின்றனர். விடியற்காலையில் வேதம் ஓதும் ஒலி கேட்கிறது. சுவர்களில் சம்ஸ்கிருத வாசகங்கள் எழுதப்பட்டுள்ளன. நாடெங்கும் இவ்வூரின் பெயர் பரவுவதற்குக் காரணமும் அந்த மொழியே.

1981-ஆம் ஆண்டில் சம்ஸ்கிருத பாரதி இயக்கத்தார் இங்கே பத்து நாள் பேச்சுப் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தினர். உடுப்பிப் பேஜாவர் மடத்துச் சுவாமிகள் ஊராரின் ஆர்வத்தைக் கண்டு, இதனை ஒரு சம்ஸ்கிருத கிராமமாகவே ஆக்கலாமே என்று ஊக்கமளித்தார். அதன் பின்னர், ஓதுவதற்கும் பூசைக்கும் மட்டுமே பயன்பட்டு வந்த மொழி திண்ணைக்கும் கடைத்தெருவுக்கும் இறங்கி வந்தது. ஊர்ப்பள்ளியில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அதைப் பயில்கின்றனர். புதிதாக வருகிறவரைப் பெயர் கேட்பதும், காபி அருந்துகிறீர்களா என்று கேட்பதும் அம்மொழியிலேயே நடக்கும். காபிக்குப் புதுச்சொல் தேடி அவர்கள் அல்லலுறுவதில்லை. காபி காபியாகவே நின்றுவிடுகிறது!

ஆயினும் ஊரார் அனைவரும் எந்நேரமும் சம்ஸ்கிருதமே பேசுகின்றனர் என்று வரும் செய்திகள் சற்று மிகையானவை. வயலில் வேலை செய்வோரிடமும், சந்தையிலும், அலுவலகத்திலும் கன்னடமே வழங்குகிறது. சரி, அடுப்பங்கரையில் எந்த மொழி? இக்கேள்விக்கு விடை காணும்போதுதான் தமிழராகிய நமக்கு இவ்வூர் நெருங்கிய உறவாகிறது.

மத்தூரின் அக்கிரகாரத்தார் சங்கேதிகள் எனப்படுவர். அவர்களுடைய முன்னோர் செங்கோட்டைப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்டு வந்தவர்கள். செங்கோட்டை என்னும் பெயரே திரிந்து சங்கேதி ஆயிற்று என்று கூறுவாரும் உளர். நாச்சாரம்மாள் என்ற கல்வியிற் சிறந்த பெண்மணியை ஊரார் அவமதித்தனர் என்றும், அவர் மனம் நொந்து வெளியேறியபோது பல குடும்பங்கள் அவரைப் பின்தொடர்ந்தன என்றும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், தம் இனத்தின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் கல்வியையும் தன்மானத்தையும் வைத்துப் போற்றுவது எண்ணி மகிழத்தக்கது. வந்தவர்கள் ஹாசன் பக்கத்துக் கௌசிகத்திலும், மைசூர்ப் பக்கத்துப் பெட்டதபுரத்திலும், பின்னர் இம்மலைநாட்டிலும் குடியமர்ந்தனர்.

அவர்கள் வீட்டில் பேசும் சங்கேதி மொழி தமிழின் அடிப்படையில் அமைந்தது. மலையாளச் சாயல் அதில் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் வரையில் மலையாள நாட்டு ஆட்சியில் இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. கன்னடச் சொற்களோ ஏராளம். வேகமாகப் பேசினால் நமக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் பாட்டி ஒருவர் பேரனை உண்ண அழைக்கும் குரலைத் தெருவில் நின்று கேட்டபோது, மொழிபெயர்ப்பார் எவரும் எனக்குத் தேவைப்படவில்லை.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. சங்கேதிக்குத் தனி எழுத்து இல்லை. அதைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமும் இல்லை. அரசாங்க ஆதரவும் இல்லை. இருந்தும், சுற்றிலும் கன்னடம் ஒலிக்க, இத்தனை நூற்றாண்டுகள் அது உயிரோடு இருந்து வந்திருக்கிறது. தாயும் பாட்டியும் குழந்தையிடம் பேசினார்கள். அவ்வளவே அதற்கு இருந்த பாதுகாப்பு. அதற்காக அவர்கள் கன்னடத்தை ஒதுக்கினார்களா? இல்லை. ஹொசஹள்ளியின் பெரும்புகழ் கன்னடத்துக் கமகக் கலையினால் வந்தது. கன்னடக் காவியங்களை இராகத்துடன் பாடிப் பொருள் விளங்கச் செய்யும் கலை அது. அவ்வூர் எச். ஆர். கேசவமூர்த்தி அக்கலைக்காக 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, அவ்வாண்டின் இறுதியிலேயே மறைந்தார். வந்த நாட்டின் மொழியில் தேர்ச்சி பெறுவதும் வீட்டு மொழியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் இப்போது காலம் மாறி வருகிறது. படித்த இளைஞர் பலர் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். அங்கே பிறக்கும் குழந்தைகளின் வாயில் சங்கேதி குறைந்து வருகிறது. ஊருக்குப் பெருமை தேடித்தந்த சம்ஸ்கிருதத்துக்கு முகாமும் பள்ளியும் இருக்கின்றன. ஓசையின்றி உடன் நடந்துவந்த வீட்டு மொழிக்கு அவை இல்லை. அங்குள்ள முதியவர் ஒருவர், "சம்ஸ்கிருதத்தைக் கற்றுக்கொள்ள உலகமே வருகிறது. எங்கள் அம்மா பேசிய பேச்சை யார் வந்து கற்கப் போகிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

நம் ஜீவனஹள்ளியை எண்ணிப் பாருங்கள். இதுவும் ஒரு காலத்தில் சிற்றூரே. தமிழில் 'பள்ளி' என்பதே கன்னடத்தில் 'ஹள்ளி'. பால் 'ஹாலு' ஆனதும், புலி 'ஹுலி' ஆனதும் இவ்வாறே. கிழக்கு ரயில் நிலையத்தை அடுத்து வாழும் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கின்றனர், அது வேண்டியதே. ஆனால் அவர்களுள் எத்தனை பேர் ஊரிலிருக்கும் பாட்டியுடன் தொலைபேசியில் பத்து நிமிடம் தமிழில் உரையாட வல்லவர்? மொழிக்காக விழா எடுப்பது நன்று. இரவு உணவின்போது குழந்தையிடம் அம்மொழியில் பேசுவது அதனினும் நன்று. மத்தூரில் நான் கற்றது இதுவே.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: பெங்களூரிலிருந்து சிவமொக்காவுக்கு நேர்வண்டிகள் உள்ளன. தும்கூர், திப்டூர், அரசிகெரெ, கடூர், பீரூர், தரிகெரெ, பத்ராவதி வழியாகச் சென்றால் ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பிரயாணம். பீரூரில் முதன்மைப் பாதையை விட்டு வண்டி கிளைப்பாதையில் திரும்பும். தென்னையும் வறண்ட நிலமும் குறைந்து, பசுமை மிகுவதை அங்கிருந்து சன்னல் வழியே காணலாம். சிவமொக்காவில் இறங்கினால் ஆட்டோவில் மத்தூரை எளிதில் அடையலாம். அது மக்கள் குடியிருக்கும் ஊரேயன்றிக் காட்சிச்சாலை அன்று. ஆகையால் பாடசாலை வேளையில் இடையூறு செய்யாமலும், கேளாமல் படம் எடுக்காமலும் நடந்துகொள்வது முறை. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீதியில் கேட்கும் பேச்சில் எத்தனை தமிழ்ச் சொற்கள் உள்ளன என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.