எரிமலைக்கு அனுமதி இல்லை

இரவு எட்டு மணி. வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. ஓர் அப்பா பிரிஸ்டல் போர்டும் ரெஜிஃபோமும் கேட்டு அவதிப்படுகிறார். நாளைக்கு மகனுக்கு விஞ்ஞானக் கண்காட்சியாம்.

வேறென்ன, எரிமலைதான். அப்பச்சோடா, வினாகிரி, கொஞ்சம் சிவப்புக் கலர்.

(பரிசையும் நம்ம அப்பாமாருக்கே குடுத்திடலாம்.)

இலங்கை பொறியியலாளர் நிறுவகம் நடத்தும் விஞ்ஞான, பொறியியல் கண்காட்சியில் வென்ற பிள்ளைகள் அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற சர்வதேச மாணவர் விஞ்ஞானப் போட்டி வரை போயிருக்கிறார்கள். 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கிய போட்டி அது. அங்கே காட்சி மேசையில் தண்ணீர்கூட வைக்கக்கூடாது. எரிமலை வாசலிலேயே அணைந்துவிடும்! நடுவர்கள் தோண்டித் தோண்டிக் கேட்பது ஆய்வுக் கேள்வியை, அளவுகளை, குறிப்புக் கொப்பியை.

கேள்விக்குத் தூரம் போகவும் வேண்டாம். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்திலிருந்து உள்ளே போகப் போக, உப்பு எவ்வளவு குறைகிறது? கையுறை போட்டு, ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் 100 மில்லிலீற்றர் அள்ளி, வடித்து, வற்றவைத்து, மிஞ்சுவதை நிறுத்துப் பார்க்கலாம். பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். சுத்தக் கடல்நீரென்றால் சுமார் 3.5 கிராம் மிஞ்சும். இவ்வளவு சிறிய எடைக்குச் சமையலறைத் தராசு சரிவராது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு யோகம்: செட்டியார் தெரு நகைக்கடைத் தராசுகள் பக்கத்திலேயே.

மழை பெய்த மறுநாளும் அளந்தால் போர்டில் போட நல்ல வரைபு கிடைக்கும்.

ஒன்றுதான் இடிக்குது. கால்வாயில் ஊர்க் கழிவும் கலக்குதே, மிஞ்சுவதெல்லாம் கடல் உப்புத்தானா? பிரித்தறிய, பாடசாலை ஆய்வுகூடத்திலேயே ஏதும் வழி இருக்கா?