கும்பலுக்கு முகம் எழுதுதல்

பொம்மை செய்யாத மக்களினம் உலகில் இல்லை எனலாம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே ஒன்றை வகுத்தனர். நவராத்திரிக் கொலுப் படிகளில் அரசரும் ஆண்டியும், செட்டியாரும் செட்டிச்சியும் ஒருங்கே வீற்றிருக்கக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மும்பைக்கு வந்து மூன்று தலைமுறை ஆனபின்னும் எங்கள் இல்லத்துப் பரண்மேல் அந்தப் பொம்மைப் பெட்டி இருக்கின்றது. ஆயினும், அண்மையில் எங்கள் மேசைமேல் குடியேறிய பொம்மைகள் கொலுவுக்கு உரியவை அல்ல. அவை தெருச் சண்டியர்களின் உருவங்கள். கையில் துப்பாக்கியும் இரும்புக்கழியும். முகத்தில் வெட்டுத் தழும்பு. அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது பத்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகனின் பொழுதுபோக்கு. நாளடைவில் அது எங்கள் பொழுதுபோக்கும் ஆயிற்று. அதைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

மேசைமேல் உருவங்களை நிறுத்திப் போர் விளையாடுவது மேலைநாட்டில் பழைய வழக்கம். பிரஷ்யப் படை அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி பெற்றனர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில், ஈயப் போர்வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். மெய்யான போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேலானது என்பது அவர் கொள்கை. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

எங்கள் மகன் ஆடும் ஆட்டம் இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட 'நெக்ரோமுண்டா' என்பது அதன் பெயர். 2017-இல் புத்துருப் பெற்றது. எதிர்காலத்துக் கற்பனை நகரம் ஒன்று வானளாவ எழுந்து நிற்கின்றது. உச்சியில் செல்வர் வாழ்கின்றனர், இடையில் ஆலைகள், அடியில், ஒளி புகாத இடிபாடுகளுக்கிடையே கும்பல்கள் ஒன்றையொன்று வேட்டையாடுகின்றன. மும்பைவாசிகளான நமக்கு இந்த அமைப்பை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. இருபத்தைந்தாம் மாடிச் சாளரத்திலிருந்து தகரக் கூரைகளைக் காண்பது நமக்கு அன்றாடக் காட்சி.

இந்த ஆட்டத்தில் எங்களைக் கவர்ந்த தன்மை ஒன்று உண்டு. படையாட்டங்களில் நூறு வீரருக்கும் ஒரே சீருடை. ஒருவன் வீழ்ந்தால் அவ்விடத்தை மற்றொருவன் நிரப்புவான். இங்கோ ஒரு கும்பலில் ஏறக்குறையப் பத்துப் பேரே உள்ளனர். ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, வரலாறு உண்டு. ஓர் ஆட்டத்தில் அடிபட்டு வீழ்ந்தவனுக்கு நேர்ந்தது யாது என்பதைப் பகடை உருட்டி அறிவர். முழுதும் நலம் பெறலாம், கண் ஒன்றை இழக்கலாம், பகைவரிடம் சிறைப்படலாம், இறந்தும் போகலாம். வந்த காயம் அடுத்த ஆட்டத்திலும் அவனோடு தொடரும். ஆகவே தீட்டுபவன் மீண்டும் தூரிகையை எடுத்து அந்தக் கண்ணை மூடவேண்டும். அல்லது தழும்பை இழுக்கவேண்டும்.

தீட்டும் முறையையும் சற்றுக் கூறுவோம். உருவத்தின் உயரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்குச் சிறிது மிகுதி. தலையும் கையும் உடலும் தனித்தனியே பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி வருகின்றன. அவற்றைக் கத்தரித்தெடுத்து, அச்சின் இணைப்பால் விழுந்த மெல்லிய கோட்டைக் கத்திமுனையால் சுரண்டிய பின்பே பொருத்தவேண்டும். அடுத்தது அடிப்பூச்சு. முதலில் உருவம் முழுதும் கருமை. பின்னர் மேலிருந்து மட்டும் வெண்மையைத் தூவுவர். உச்சிவெயில் படக்கூடிய இடங்கள் வெளுத்தும், தாடையின் அடியும் கைமடிப்பும் கறுத்தும், ஒளியும் நிழலும் தாமே வகைப்படும். தூவும் வண்ணத்துக்கு மும்பை மழைக்காலம் ஆகாது; காற்றின் ஈரத்தால் பூச்சு பொடிபொடியாய்ப் படியும். ஆதலின் ஆனி, ஆடி மாதங்களில் வானம் வெளுக்கும் நாளுக்காக நாங்கள் காத்திருப்பதுண்டு.

வண்ணத்தை நீர் கலந்து இளக்கி இருமுறை மெல்லியதாகப் பூசுவதே நன்று; ஒரே முறையில் தடித்துப் பூசினால் நுணுக்கங்கள் புதைந்துவிடும். உலர்ந்தபின் நீர்த்த பழுப்புச் சாயத்தை ஓடவிட்டால், அது பள்ளங்களில் தங்கித் துணியின் மடிப்பையும் விரலிடுக்கையும் எடுத்துக்காட்டும். பின்னர்த் தூரிகையைத் துணியில் துடைத்து, எஞ்சிய வண்ணத்தை மேடுகளின்மேல் உரசினால், பழைய தோற்சட்டையின் தேய்ந்த விளிம்பு தோன்றும்.

முகந்தான் அரியது. அது மிளகளவே உடையது. உருவத்தை ஒரு மருந்துக் குப்பியின் மூடிமேல் ஒட்டி, மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு வெண்கோடு ஒன்று இட்டு, அதன்மேல் கரும்புள்ளி வைக்கவேண்டும். புள்ளி மயிரிழை விலகினாலும் சண்டியன் மருண்டு விழிப்பான். நம் சிற்பியர் கண் திறப்பதை இறுதிக்கு வைப்பர். இவ்வுருவங்களைத் தீட்டுவோரிற் பலர் கண்ணையே முதலில் எழுதுவர். பிழைபட்டால் சுற்றிலும் தோல் நிறம் பூசித் திருத்திக்கொள்ளலாம் அன்றோ? பெட்டிமேல் அச்சிட்ட படத்தில் அம்மனிதர்கள் வெளிறிய நிறத்தினர். எங்கள் மகன் பழுப்பும் செம்மையும் கலந்து அவர்களை மாநிறத்தவராக ஆக்கினான். "நான் பார்த்த தெருவில் யாரும் அந்த நிறத்தில் இல்லையே அப்பா" என்றான்.

எங்கள் தந்தையாருக்கு இவையெல்லாம் பிடிக்கவில்லை. அவருக்கு அகவை எண்பது. "ரௌடிகளுக்கு வீட்டில் என்ன இடம்? கொலுப் பொம்மைகளுக்கு வண்ணம் போய்க் கிடக்கிறதே, அதைத் தீட்டக் கூடாதா?" என்று கேட்டார். முதியோர் இயல்பாகக் கடிந்துகொள்வது என்றே முதலில் கொண்டோம். பின்னர் ஒருநாள் இரவு உணவின்போது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்குச் சொல்லாத ஒன்றை அவரே சொன்னார்.

1960-களின் இறுதியில் இந்நகரில் தென்னாட்டவருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்ததைப் பெரியோர் பலர் அறிவர். அப்போது தந்தையார் தம் மாமன் நடத்திய சிற்றுண்டிச்சாலையில் கல்லாவில் அமர்ந்திருந்தார். மாலை நேரம். ஒரு கும்பல் வந்தது. கண்ணாடிப் பெட்டி நொறுங்கிற்று. பலகாரத் தட்டுகள் தெருவில் உருண்டன. அவர் மேசைக்கு அடியில் குனிந்து கிடந்தார். "கை நினைவிருக்கிறது, கல் நினைவிருக்கிறது, சத்தம் நினைவிருக்கிறது. முகம் ஒன்றுகூட நினைவில்லை. அதன்பிறகு இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து எதிரே வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன்" என்றார். எங்களை ஏன் எப்போதும் கையைப் பற்றிச் சாலையைக் கடக்கச் செய்தார் என்பது அன்றுதான் விளங்கிற்று.

சில வாரங்கள் கழித்து அவர் செய்தித்தாள் படிக்கும் பூதக்கண்ணாடியுடன் மேசையருகே வந்து அமர்ந்தார். ஓர் உருவத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "இவன் யார் வீட்டுப் பிள்ளைடா?" என்று பேரனைக் கேட்டார். மகன், தான் புனைந்த கதையைச் சொன்னான்: சுரங்கத்தில் தந்தையை இழந்தவன், அக்காள் ஒருத்தி உண்டு, கும்பலிலேயே இளையவன். தந்தையார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் இவனுக்கு இந்த மீசை வேண்டாம், அழித்துவிடு. அன்று வந்தவர்களில் ஒருவனுக்கு மீசையே அரும்பவில்லை. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எறியலாமா என்று பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்" என்றார். மகன் ஒன்றும் பேசாமல் தூரிகையைக் கழுவி, தோல் நிறத்தைக் குழைத்தான்.

இதைக் கொண்டு பெரியவர் மன்னித்துவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். அவர் அவ்வாறு சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கண்ணாடியை உடைத்தவன் உடைத்தவனே. ஆனால் அச்சம் மனிதர்களை ஒன்றாய்க் குழைத்துக் கும்பல் ஆக்கிவிடுகின்றது. உற்றுநோக்குதல் அக்கும்பலைப் பிரித்து மீண்டும் மனிதர்கள் ஆக்குகின்றது. அவர் விழிகளுக்கு முன் ஐம்பதாண்டுகளாகக் கல்லும் கையுமாக நின்ற ஒன்று, ஒரு முகத்தையேனும் பெற்றது.

திரைப்படம் இதைச் செய்வதில்லை. தாராவித் தமிழரிடையே பெயர் பெற்றிருந்த வரதராஜ முதலியாரின் வாழ்வைத் தழுவி 1987-இல் வந்த 'நாயகன்' படத்தை நம்மவர் கொண்டாடினோம். திரை, சண்டியனை அண்ணாந்து பார்க்கும் அளவுக்குப் பெரிதாக்கும். செய்தித்தாளோ அவனை விலங்காக்கும். கட்டைவிரற் கணுவளவே உள்ள உருவத்தை அண்ணாந்து பார்க்கவும் முடியாது. அஞ்சி ஓடவும் வேண்டுவதில்லை. குனிந்துதான் பார்க்கவேண்டும்.

பிள்ளைகள் மேசைமேல் எதையோ வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்திருப்பதைக் கண்டு கவலையுறும் பெற்றோர் நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: விலக்குமுன் சற்று அருகில் அமர்ந்து, அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து அமர்த்துங்கள். வேற்றூரில் வாழ்ந்து முதிர்ந்தவர்கள் நேரே கேட்டால் சொல்லாதவை பல உள்ளன. எங்கள் கும்பலில் இன்னும் மூவருக்கு முகம் எழுதவேண்டியுள்ளது. மழை விட்டதும் தொடங்கலாம் என்று தந்தையார் சொல்லியிருக்கின்றார்.