வாசலில் ஒரு கரிச்சிலுவை

மெழுகுவத்தியை அணையவிடாமல் வீடுவரை கொண்டுவந்துவிட வேண்டும். அந்த இரவில் ஊருக்கே அது ஒன்றுதான் கவலை. நள்ளிரவு தாண்டி அரைமணி நேரம் இருக்கும். கிரேக்க நாட்டின் சிரோஸ் தீவில், எர்முபோலி நகரத்தில், படிக்கட்டுகளாகவே ஏறிப்போகும் ஒரு தெரு. எங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த பாட்டியம்மா முன்னால் ஏறுகிறார். ஒரு கையில் மெழுகுவத்தி, மறு கை அதற்கு மறைப்பு. நானும் மனைவியும் அதேபோல் சுடரைப் பொத்திக்கொண்டு பின்னால் போகிறோம். கடற்காற்றில் என் மெழுகுவத்தி இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் எதிரே இறங்கி வந்தவர்கள் நின்று, தங்கள் சுடரிலிருந்து ஏற்றிக்கொடுத்து, "கிறிஸ்தோஸ் அனெஸ்தி" என்றார்கள். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். "அலிதோஸ் அனெஸ்தி", மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று பதில் சொல்ல வேண்டும். பாட்டியம்மா மத்தியானமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் உடனே உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, எக்கி, நிலைக்கு மேலே இருந்த கல்லில் சுடரைக் காட்டினார். கரி படிந்தது. மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனால் நான் என் மெழுகுவத்தியை உயர்த்திப் பார்த்தபோது அந்தச் சிலுவைக்கு அடியில் இன்னொரு சிலுவை மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. ஆண்டுக்கு ஒன்றாக விழுந்த கரி, கல்லோடு கல்லாக ஊறிப் பழுப்பேறியிருந்தது.

மூன்று நாளைக்கு முன் நாங்கள் வந்து இறங்கிய அன்று இதே பாட்டியம்மா வாளியும் மட்டையுமாக நின்று வீட்டு முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முன் வெள்ளையடிப்பது இந்தத் தீவுகளில் வழக்கம். சுவர் மட்டுமல்ல, படிக்கட்டு விளிம்பு, மரத்தடித் திண்டு, தெருவில் பாவிய கற்களின் இடுக்கு வரைக்கும் வெள்ளை வரும். போகிக்கு முந்தின வாரத்துத் தெருவின் மணம் எனக்கு மூக்கில் ஏறியது. அன்று நான் கவனிக்காததை இப்போது கவனித்தேன். முகப்பு முழுக்கப் புது வெள்ளை. நிலைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பு படவில்லை. கேட்டேன். "அடியில் இருப்பது என் வீட்டுக்காரர் போட்டது" என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சூப் ஆறிவிடும் என்று எங்களை உள்ளே விரட்டினார்.

அந்த சூப்பின் பெயர் மாகிரீத்சா. ஆட்டுக்குடல், ஈரல், வெங்காயத்தாள், சோயிக்கீரை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைத்து, முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்து ஊற்றி இறக்குவது. நாற்பது நாளுக்கு மேல் நீளும் நோன்பை முடிக்கிற முதல் கவளம். குடல்கறி தின்று வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாக இல்லை. எலுமிச்சைப் புளிப்புதான் புதிது.

கிரேக்கத்தில் மக்கள் வாழும் தீவுகள் 227 என்று கணக்கு. நாங்கள் போட்டுக்கொண்டு வந்த திட்டத்தில் ஐந்து: சிரோஸ், தினோஸ், நாக்சோஸ், கூஃபோநீசி, அமோர்கோஸ். எல்லாம் கிக்ளதெஸ் கூட்டத்தில் உள்ளவை. அப்போல்லோ தெய்வம் பிறந்த தேலோஸ் தீவைச் சுற்றி வட்டமாக அமைந்தவை என்பதால் அந்தப் பெயர். வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஜூலை, ஆகஸ்டில் போனால் கூட்டமும் அனலும் மெல்தெமி என்கிற வடகாற்றும்தான் மிஞ்சும் என்று வசந்தத்தைத் தேர்ந்தெடுத்தோம். 2023-இல் கிழக்குத் திருச்சபையின் ஈஸ்டர் ஏப்ரல் 16 அன்று வந்தது. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் பெரிய வியாழனன்று கப்பல் ஏறினோம்.

ஏதென்ஸே ஊருக்குப் போகிற நாள் அது. தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துறைமுகம் உடனே பிடிபடும். ஞானப் பெற்றோர் தங்கள் ஞானப் பிள்ளைக்கு ஈஸ்டர் இரவுக்கான மெழுகுவத்தி வாங்கித் தரவேண்டும் என்பது வழக்கம்; லம்பாதா என்பார்கள். ரிப்பனும் பொம்மையும் கட்டிய நீள மெழுகுவத்திகள் ஒடியாமல் இருக்க, மனிதர்களுக்கு நடுவே இருக்கை பிடித்து உட்கார்ந்திருந்தன. ரொட்டிக்கடை அட்டைப்பெட்டிகளிலிருந்து த்சுரேகி என்கிற இனிப்பு ரொட்டியின் வாசம் தளம் முழுக்கப் பரவியிருந்தது. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். எங்களைத் தவிர எல்லாரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கரை நெருங்கியதும் அந்தப் பெரிய கப்பல் நின்ற இடத்திலேயே திரும்பி, முதுகைத் துறைக்குக் காட்டியது. பின்பக்கத்து இரும்புச் சாய்தளம் சங்கிலியில் இறங்கத் தொடங்கியபோதே வண்டிகள் உறுமின, மூட்டைகள் தோளுக்கு ஏறின. சில நிமிடத்தில் ஊரே இறங்கி, கரையில் நின்ற ஊரோடு கட்டிக்கொண்டது. கப்பல் அடுத்த தீவுக்குப் புறப்பட்டுவிட்டது.

எர்முபோலி, கிக்ளதெஸின் தலைநகர். ஆனால் அது அகதிகள் கட்டிய ஊர். 1820-களில் கிரேக்க விடுதலைப் போர்க் காலத்தில் கியோஸ், ப்சாரா, ஸ்மிர்னா ஆகிய இடங்களிலிருந்து படுகொலைக்குத் தப்பி வந்தவர்கள் இந்த வெற்றுக் கரையில் குடியேறி, வணிகக் கடவுள் எர்மிஸின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அது கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமானது. அதற்குப் பின்னால் கூம்பாக எழும் மலையில் ஆனோ சிரோஸ். வெனிஸ்காரர்கள் காலத்திலிருந்து அங்கே கத்தோலிக்கர்கள். உலகம் முழுக்க இரண்டு சபைகளுக்கும் ஈஸ்டர் பெரும்பாலும் வெவ்வேறு ஞாயிறுகளில் வரும். ஆனால் சிரோஸில் கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள். ரோமில் அந்த ஆண்டு ஈஸ்டர் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் துக்கம் காக்கிற நாளில் தன் வீட்டில் விருந்து வைக்கக்கூடாது என்ற எளிய மரியாதையாகத்தான் எனக்கு அது பட்டது. இதைவிடப் பெரிய சமய ஒற்றுமை எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

நாங்கள் வந்த மறுநாள் வெள்ளி. கிரேக்கர்களுக்கும் அது பெரிய வெள்ளிதான். மெகாலி பரஸ்கெவி என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளே அது. நம் கத்தோலிக்கர்களின் பாஸ்காவும் அவர்களுடைய பாஸ்காவும் ஒரே சொல். அன்றிரவு ஒவ்வொரு கோயிலிலிருந்தும் எபிதாஃபியோஸ் புறப்பட்டது. மரித்த கிறிஸ்துவின் உருவம் தைத்த துணியை ஏந்தும் பூம்பல்லக்கு அது. முந்தின இரவெல்லாம் பெண்கள் உட்கார்ந்து கட்டிய பூ. மூன்று கோயில்களின் பல்லக்குகளும் மியாவுலி சதுக்கத்தில், பளிங்குத் தரையில், ஒன்றுக்கொன்று எதிரே வந்து நின்றபோது எங்கிருந்தோ ஒரு குழந்தை அழுதது கேட்டது, அவ்வளவு அமைதி. பாட்டியம்மா தன் கோயிலின் பல்லக்குக்கு அடியில் குனிந்து நுழைந்து மறுபக்கம் வந்தார். அடியில் நுழைந்தால் நல்லது. என் மனைவியின் கையைப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஈஸ்டர் முடிந்த திங்களன்று நாக்சோஸ். துறைமுகத்தில் கப்பல் நுழையும்போதே கண்ணில் படுவது ஒரு வாசல். சுவர் கிடையாது, கூரை கிடையாது. இரண்டு பளிங்குத் தூண், மேலே ஒரு பளிங்குக் கல், நடுவில் வானம். போர்தாரா என்பார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் லிக்தாமிஸ் என்ற ஆட்சியாளன் தொடங்கிய கோயில். அவன் வீழ்ந்ததும் வேலை நின்றது. தேலோஸ் இருக்கும் திசையை நோக்கி அமைந்திருப்பதால் அப்போல்லோ கோயில் என்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் கல்லையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்க் கோட்டைக்கும் வீட்டுக்கும் வைத்துக்கொண்டார்கள். ஆறு மீட்டர் உயர வாசல் மட்டும் அசைக்க முடியாத கனம் என்பதால் நின்றுவிட்டது. பாட்டியம்மா வீட்டு நிலையைப் பார்த்த பழக்கத்தில் இதன் மேல்கல்லையும் அண்ணாந்து பார்த்தேன். கரி இல்லை. யாரும் இதன் வழியாக ஒரு சுடரையும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

மறுநாள் காலை காற்று எழுந்தது. தெற்கிலிருந்து, ஆப்பிரிக்கப் பாலைவனத்துத் தூசியோடு வருகிற காற்று. வானம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. இங்கே துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் எண்ணில்தான் பதில். "ஏழு." "எட்டு." காற்றின் வேகத்தைப் போஃபோர் அளவில் சொல்கிறார்கள். எண் ஏறினால் முதலில் சின்னக் கப்பல்கள் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் பெரியவையும் நிற்கும். அதற்கு அப்பகொரெஃப்திகோ என்று பெயர், தடை. காப்பிக்கடைக்காரரிலிருந்து பள்ளிப் பிள்ளை வரை அந்தச் சொல்லை யாரும் சலிப்போடு சொல்லவில்லை. மழை வந்தால் மழை என்று சொல்வது மாதிரிதான் சொன்னார்கள்.

முதல் நாள் முழுக்க நான் எரிச்சலில் இருந்தேன். திட்டத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். தினோஸ் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. "என்னங்க, நமக்கு இங்கே என்ன குறை?" என்று மனைவி கேட்ட பிறகுதான் மலைக்குப் பேருந்து ஏறினோம்.

கோடையில் தீவைப் பார்த்தவர்கள் அதைக் காய்ந்த எலும்பு நிறத்தில்தான் நினைவு வைத்திருப்பார்கள். ஏப்ரலில் அது வேறு ஊர். ஒலிவ மரங்களுக்கு அடியில் சிவப்பாகக் கசகசாப் பூ இனத்துப் பாப்பி, சரிவெல்லாம் மஞ்சள் புதர், நடக்கும்போது காலில் மிதிபட்டு மணக்கும் சீமைச்சாமந்தி. வடகோடியில் அப்பொல்லோனாஸ் கிராமத்துக்கு மேலே, கல்லுடைத்த குழியிலேயே மல்லாந்து கிடக்கிறான் ஒரு பளிங்கு மனிதன். பத்தரை மீட்டருக்கும் மேல் நீளம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கத் தொடங்கி, பாறை வெடித்ததாலோ என்னவோ, அப்படியே விட்டுப்போய்விட்டார்கள். தாடி தெரிகிறது, கண்ணும் வாயும் இன்னும் வரவில்லை. உடம்பெங்கும் உளி கொத்திய குழிகள். நெஞ்சுக்கு மேலிருந்த ஒரு குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு சீமைச்சாமந்தி இதழ் மிதந்தது. விரலை வைத்தேன். குழிகள் வரிசையாக, ஒரே ஆழத்தில் இருந்தன. உளி பிடித்த ஆளின் கை பதறவில்லை.

காற்று மூன்று நாள் ஓயவில்லை. கூஃபோநீசியும் திட்டத்திலிருந்து போயிற்று. எனக்கு இப்போது அதில் வருத்தம் இல்லை. நாளுக்கு ஒரு தீவு என்று தாவுகிறவர் துறைமுகங்களைத்தான் பார்க்கிறார். அந்த வகையில் நாங்கள் போட்ட திட்டமே தப்பு.

வெள்ளியன்று கடல் இறங்கியது. நாக்சோஸிலிருந்து சின்னத் தீவுகள் வழியாக அமோர்கோஸ் போகும் சிறு கப்பலில் ஏறினோம். இந்த மாதிரித் தடங்களை மலட்டுத் தடம் என்று சொல்கிறார்கள். லாபம் வராது, அரசு மானியம் கொடுத்து ஓட்டவைக்கிறது. ஆனால் இராக்லியா மாதிரி நூற்றைம்பது பேர்கூட இல்லாத தீவுக்கு அந்தக் கப்பல்தான் மளிகைக்கடை, தபால்காரர், ஆம்புலன்ஸ் எல்லாம். மூன்று நாள் தேங்கியதெல்லாம் அன்று இறங்கியது: எரிவாயு உருளைகள், தண்ணீர்க் கட்டுகள், ஒரு மெத்தை, தொட்டியோடு இரண்டு எலுமிச்சைக் கன்று, மருந்துப்பை. ஒவ்வொரு கரையிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

அமோர்கோஸில் ஹொஸோவியோதிஸ்ஸா மடம், கடலுக்கு முந்நூறு மீட்டர் மேலே செங்குத்துப் பாறையில் ஒட்டிவைத்த வெள்ளைச் சுவராக நிற்கிறது. பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் 1088-இல் ஆதரித்துக் கட்டிக்கொடுத்தது. படியேறி மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால், தலைகுனிந்து நுழைகிற குட்டை வாசல். துறவி ஒருவர் தேனும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய ராக்கியையும் லுக்கூமி மிட்டாயையும் தந்து உட்காரச் சொன்னார். மாதா படத்தைப் பார்க்க வேண்டும் என்றோம்.

"அம்மா வீட்டில் இல்லை" என்றார். ஈஸ்டர் ஞாயிறன்று படம் மடத்தைவிட்டு இறங்கிவிடும். ஒரு வாரம் தீவின் ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு அடுத்த ஞாயிறுதான் திரும்பும். மூலவர் உள்ளே இருக்க உற்சவர் புறப்பாடு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே மூலவரே கிளம்பிப் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் ஊர்ப் பாதையில் மணிச்சத்தம் கேட்டு வெளியே வந்தோம். வெள்ளிக் கவசமிட்ட படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஊர்க்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாசல்தோறும் பெண்கள் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் சாம்பிராணிப் புகையோடு நின்றார்கள். ஒரு வீட்டில், நடக்க முடியாத கிழவர் உள்ளே நாற்காலியில் இருந்தார். படத்தை ஏந்தியவர்கள் நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே போனார்கள். மனைவி என் கையைத் தொட்டு மேலே காட்டினாள். புது வெள்ளைக்கு நடுவே கரிச்சிலுவை. ஒரு வாரமே ஆன கரி. சாம்பிராணிக் கிண்ணத்தோடு நின்ற பெண் எங்களைப் பார்த்துவிட்டுக் கையால் உள்ளே காட்டினார்.

"எலாதே, எலாதே" என்றார். வாங்க, வாங்க.

குனிந்து உள்ளே போனோம்.